32 ஃபோர்டு கிட்டை ஹாட் ராடாக மாற்றுவது: கூரையை வெட்டும் முன்பும் பின்பும்

தர்மபுரியிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டது இது: 1/25 அளவில் 1932 ஃபோர்டு மூன்று ஜன்னல் கூப் (இரண்டு கதவு, பக்கத்துக்கு ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஜன்னல்) காரை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பெட்டிப் படத்தில் இருக்கிறபடி செய்யாமல், கூரையைத் தாழ்த்தி, தன் விருப்பப்படி ஒரு ஹாட் ராடாகக் கட்ட வேண்டும். பெயிண்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ் கிடையாது. ஊரில் ஹாபி கடையும் கிடையாது. எங்கே ஆரம்பிப்பது?

தம்பி, ரம்பத்தைக் கையில் எடுத்திருந்தால் முதலில் கீழே வையுங்கள். இந்த வேலையில் ஆசை காட்டுகிற இடம் கூரைதான். அதனாலேயே எல்லோரும் அதில் தொடங்கி, வளைந்த கூரையையும் உடைந்த ஜன்னல் கம்பங்களையும் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். என் வீட்டுப் பரணிலும் அப்படி இரண்டு பெட்டிகள் உண்டு. ஓசூர் சிப்காட் பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் அச்சு வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். பிளாஸ்டிக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் அந்த இரண்டையும் கெடுத்தேன்.

ஹாட் ராட் என்பது அலங்காரம் செய்த பழைய கார் என்று நினைத்துக்கொண்டால் மாடல் பொம்மையாகிவிடும். அது வேகத்துக்காகக் கழற்றி மாற்றிக் கட்டிய பழைய கார். 1930களில் தெற்கு கலிபோர்னியாவில், பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கிய பையன்கள் அவற்றைப் பாலைவனத்து வறண்ட ஏரிகளுக்கு ஓட்டிப்போய் யார் வேகம் என்று பார்த்தார்கள். மியூராக், எல் மிராஜ் என்பவை அந்த ஏரிகள். நம் ஊர் ஏரி சித்திரை, வைகாசியில் வெடித்துக் கிடக்குமே, அதையே மைல் கணக்கில் விரித்துப் பாருங்கள். நேரம் குறிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1937-ல் சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. 1949-ல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புச் சமவெளியில் முதல் ஸ்பீட் வீக், அதாவது வேகப் போட்டி வாரம், நடந்தது. கையில் காசில்லாதவன் வேகம் கூட்ட வேண்டுமென்றால் இருக்கிற எடையைக் கழற்ற வேண்டும், காற்றில் முட்டுகிற பரப்பைக் குறைக்க வேண்டும், எஞ்சினைத் தட்டி எழுப்ப வேண்டும். மட்கார்டு போனதும், பம்பர் போனதும், கூரை தாழ்ந்ததும் இப்படித்தான். அழகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அதிலும் 32-ம் வருட ஃபோர்டையே ஏன் எல்லோரும் தேடினார்கள் என்றால், சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் ஃபோர்டு, எட்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் வி8 எஞ்சினைக் கொடுத்தது அந்த வருடம்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்னொரு காரணமும் இருக்கிறது. மட்கார்டைக் கழற்றினாலும் அந்த வண்டியின் சேஸிஸ் அசிங்கமாகத் தெரியாது. பக்கவாட்டில் நீளமாக ஓர் அச்சுக் கோடு அழுத்தி, வெளியே காட்டுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். உங்கள் கிட்டில் சேஸிஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். உப்புத்தாள் போடும்போது அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரு தாளில். இந்த வண்டி யாருடையது, எந்த வருடம், அவனிடம் எவ்வளவு காசு இருந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிட்டில் இரண்டு மூன்று வகைச் சக்கரங்கள், கூடுதல் கார்பரேட்டர், வேறு விளக்குகள் என்று உபரியாக நிறைய வரும். கணக்கு இல்லாதவன் எல்லாவற்றையும் மாட்டிவிடுவான், மொய் விருந்தில் இலை நிறைய வைத்த மாதிரி. ஊர் திரும்பிய போர்வீரன் 1948-ல் கட்டிய வண்டி என்று முடிவு செய்தால் பிளாட்ஹெட் எஞ்சின் (மேலே சொன்ன ஃபோர்டு வி8-தான்), கறுப்பு டயர், ஃபோர்டு இரும்புச் சக்கரம், 39-ம் வருட ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவப் பின்விளக்கு, வெறும் பிரைமர் (அடிப்பூச்சு) அல்லது ஒரே அடர் நிறம் என்று எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். 1958 என்று முடிவு செய்தால் செவர்லேயின் சின்ன வி8 வரலாம், வெள்ளைப் பட்டை டயர் வரலாம், மூக்கில் நெருப்புக் கொழுந்து வரையலாம். அந்த செவர்லே எஞ்சின் 1955-ல்தான் வந்தது. அதைக் கொண்டுபோய் 1948 வண்டியில் வைத்தால், தெரிந்தவன் பானெட்டைத் திறந்த நிமிடமே சிரிப்பான்.

இதற்கெல்லாம் நிஜ வண்டியில் நம் நாட்டில் இடமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. ஆக, நமக்குக் கூரை வெட்டும் ஆசை இருந்தால் 1/25-தான் கதி.

இந்த 1/25-ல் ஒரு வசதி இருக்கிறது. ஒரு இன்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரும் கொசுறும். அதாவது நிஜ வண்டியில் ஒரு இன்ச், மாடலில் ஒரு மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் கூரையை மூன்று இன்ச் வெட்டினேன் என்றால் நீங்கள் மூன்று மி.மீ. வெட்ட வேண்டும். 32 ஃபோர்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 106 இன்ச். உங்கள் மாடலில் 107, 108 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும், கால்குலேட்டரே வேண்டாம். வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது. பாலிடெக்னிக்கில் படிக்கிறீர்கள், ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்.

அடுத்து, பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரட்டும் என்று அடிக்கும் எண்ணெய் மேலே ஒட்டியிருக்கும், அதன் மேல் பெயிண்ட் நிற்காது. கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புளோரைடு தாங்காமல்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. காய்ந்ததும் அந்தத் தண்ணீர் விட்டுப்போகும் உப்புக்கறை, கறுப்பு பெயிண்டின் அடியிலும் தெரியும், டீக்கால் ஸ்டிக்கரின் ஓரத்திலும் தெரியும்.

பிறகு பாகங்களை ரன்னரிலிருந்து, அதாவது அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, எடுப்பது. கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். கட்டர் வைத்து ஒரு மி.மீ. தள்ளி வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவுங்கள். அச்சு இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு எல்லாப் பாகத்திலும் ஓடும், பார்ட்டிங் லைன் என்போம். டயரின் நடுவிலும், ஆக்சிலிலும், எக்ஸாஸ்ட் குழாயிலும் அது இருக்கிற வரைக்கும் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அது பிளாஸ்டிக்தான். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின் பதிந்த வட்டக்குழிகள், தடித்த இடத்தில் உள்வாங்கிய சிங்க் மார்க் எல்லாவற்றையும் இப்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பக் கடைக்குப் போக வேண்டாம். வெட்டிப்போட்ட ரன்னர் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பிளாஸ்டிக் ஒட்டும் திரவப் பசையில் ஒரு நாள் ஊறவிட்டால் கூழாகிவிடும். காரும் கூழும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்த பிறகு தேய்த்தால் ஒட்டிய இடமே தெரியாது. ஆனால் முழுதாகக் காய ஓரிரு நாள் பிடிக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் பிறகு குழி விழும்.

இப்போது மாஸ்கிங் டேப்பால் வண்டி முழுவதையும் ஒட்டாமல் கட்டிப் பாருங்கள். பாடி, சேஸிஸ், சக்கரம், ரேடியேட்டர் கூடு எல்லாம். மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு ஹாட் ராட் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதில் முக்கால்வாசி அந்தப் பார்வையில் தெரிந்துவிடும். பின் டயர் பெரிது, முன் டயர் சின்னது, மூக்கு கொஞ்சம் தாழ்ந்து, பாய்வதற்கு முன் ஜல்லிக்கட்டுக் காளை தலையைத் தாழ்த்துகிற மாதிரி. 1948 வண்டிக்கு முன்னால் 27 மி.மீ., பின்னால் 30 மி.மீ. குறுக்களவு டயர் இருந்தால் பொருத்தமாக இருக்கும். மூக்கு இறங்கவில்லை என்றால் முன் ஆக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங் மேலே உட்காரும் மேடையை இரண்டு மி.மீ. தேய்த்து எடுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம், ஸ்டியரிங் கம்பி சேஸிஸில் இடிக்கும்.

மட்கார்டு இல்லாமல், பாடி சேஸிஸின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அதற்கு ஹைபாய் என்று பெயர். பாடியின் தரையை வெட்டி, பாடியைச் சேஸிஸை மூடும்படி கீழே இறக்கினால் சேனலிங். முதல் வண்டிக்கு ஹைபாய் போதும் என்பது என் அபிப்பிராயம். கூரையையும் வெட்டி, பாடியையும் இறக்கினால் உள்ளே சீட்டுக்கு இடமிருக்காது, எஞ்சின் பானெட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும், ரேடியேட்டரையும் குட்டையாக்க வேண்டிவரும். ஒன்று இழுத்தால் ஒன்பது வரும்.

நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும், பாதிப்பேர் தோற்பது இங்கேதான். இதற்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை வாசலில் உடைந்த துண்டுகள் கிடக்கும். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிஷ் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். எங்கள் டூல் ரூமில் அளவு பார்க்க வைத்திருந்ததும் கிரானைட் பலகைதான், என்ன, அது விலை அதிகம். இந்தத் துண்டு நம் வேலைக்குத் தாராளம். அதன் மேல் வண்டியை நிறுத்தி, ஒரு துண்டுத் தாளை ஒவ்வொரு டயருக்கு அடியிலும் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. பசை காயும் முன்பே சரிசெய்ய வேண்டும். அதே கல்லின் மேல் உப்புத்தாளை ஒட்டி வைத்துக்கொண்டால், வெட்டிய ஓரத்தைச் சமமாகத் தேய்க்கவும் ஆகும்.

அந்தத் தேய்ப்பு எதற்கு என்றால், இப்போது கூரைக்கு வரலாம்.

மூன்று மி.மீ. போதும். நான்கு, ஐந்து என்று ஆசைப்படாதீர்கள், 32 கூப்பின் ஜன்னல் முன்பே சின்னது. முதலில் மூன்று மி.மீ. அகலத்துக்கு மாஸ்கிங் டேப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பங்கள் எந்த இடத்தில் நேராக, ஒரே தடிமனாக இருக்கின்றனவோ அங்கே அந்தப் பட்டையை வண்டியைச் சுற்றி ஒட்டுங்கள். பட்டையின் மேல் ஓரம் ஒரு வெட்டு, கீழ் ஓரம் ஒரு வெட்டு. பின்பக்கம் வரும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். பின் கண்ணாடியின் உயரத்திலேயே மூன்று மி.மீ. எடுப்பதா, அல்லது கண்ணாடியை முழுதாக விட்டுவிட்டு அதன் கீழே இருக்கும் தகட்டில் எடுப்பதா? எனக்குக் கண்ணாடியும் சேர்ந்து குறைவதுதான் பிடிக்கும். சிறு கீற்று போல ஒரு பின் ஜன்னல் இருந்தால் வண்டிக்கு ஒரு முரட்டுத்தனம் வரும்.

ஹேக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம். அது சுமார் ஒரு மி.மீ. பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். இரண்டு வெட்டுக்கும் சேர்த்தால் மூன்று மி.மீ. ஐந்தாகிவிடும், என் முதல் பெட்டி பரணுக்குப் போனது இப்படித்தான். மாடல் செய்பவர்கள் பயன்படுத்தும் மெல்லிய ரேசர் சா இணையத்தில் கிடைக்கும், அதை ஒன்று வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கட்டர் பிளேடின் முதுகுப்பக்கத்தால் ஸ்கேல் வைத்து மெதுவாகக் கீறிக்கொண்டே இருந்தால், இருபது முப்பது கீறலில் அறுந்துவிடும். நேரம் ஆகும், ஆனால் கோடு விலகாது. வெட்டுவதற்கு முன் ஜன்னல் துளைக்குள் ரன்னர் துண்டுகளைக் குறுக்கே ஒட்டி முட்டுக்கொடுத்தால் கம்பங்கள் முறியாது.

வெட்டிய பிறகு கூரையை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. பயப்பட வேண்டாம், பொருந்தாமல் இருப்பதுதான் இயல்பு. கம்பங்கள் நேர்க்குத்தாக இல்லை, மேலே போகப் போக உள்பக்கம் சாய்கின்றன. ஒரு கம்பம் 10 டிகிரி சாய்ந்திருந்தால், மூன்று மி.மீ. எடுக்கும்போது அரை மி.மீ. விலகி நிற்கும். கம்பமே இரண்டு மி.மீ.தான் என்கிறபோது அரை மி.மீ. பெரிய விஷயம். 32-ல் முன் கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்திருப்பதால் விலகல் சமாளிக்கக்கூடியது. 33, 34 மாடல்களில் சாய்வு கூடுதல், அங்கே கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டை வைத்து நீளமாக்க வேண்டியிருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, முன் கம்பங்களை மட்டும் அடியில் லேசாகக் கீறி, மிக மெதுவாகப் பின்பக்கம் சாய்த்துப் பொருத்துவது. முதலில் பின்பக்கத்தை ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். அப்புறம் முன் கம்பங்கள். ஒட்டிய இடத்தின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்துப் பலப்படுத்துங்கள். வெளியே முன்பு செய்த கூழ், பிறகு 400, 600, 800 நம்பர் வாட்டர் பேப்பர்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூரை தாழ்ந்துவிட்டால் கிட்டில் வந்த கண்ணாடி எதுவும் பொருந்தாது. புதுச் சட்டை வரும் பெட்டியின் தெளிவான மூடியைப் பத்திரப்படுத்துங்கள். ஜன்னலை உள்ளிருந்து தாளில் நகலெடுத்து, அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடியில் வெள்ளைப் புகை பூத்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும்.

எஞ்சின். உங்கள் கிட்டில் எது வந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பிளாட்ஹெட் இருந்தால் அதையே வையுங்கள். அதில் மாடல்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. வி8 என்றால் பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆகவே எக்ஸாஸ்ட் குழாயும் பக்கத்துக்கு நான்கு என்று கணக்குப் போட்டு ஒட்டிவிடுவார்கள். ஃபோர்டு பிளாட்ஹெட்டில் பக்கத்துக்கு மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் ஒரே வாய் வழியாகப் புகையை விடும். அந்தப் புகைப்பாதை சிலிண்டர் பிளாக்குக்கு உள்ளேயே போகும், அதனால்தான் அந்த எஞ்சின் சீக்கிரம் சூடேறும் என்று பெயர் வாங்கியது. குழாய் வளைக்க, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் தடித்த ஈயக்கம்பி அருமையாக வளையும், திரும்ப நிமிராது.

பிளக் ஒயர் போட்டால்தான் எஞ்சினுக்கு உயிர் வரும். நிஜத்தில் ஏழு எட்டு மி.மீ. தடிமன், மாடலில் 0.3 மி.மீ. தையல் நூலில் போட்டால் பிசிறு தெரியும். நம் ஊர்களில் எந்தக் கடைவீதிக்குப் போனாலும் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறதே, அங்கே 30 கேஜ் செப்புக்கம்பி கேளுங்கள். 0.315 மி.மீ., நமக்கென்றே அளந்த மாதிரி. பழைய காயிலில் இருந்து ஒரு முழம் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லக் கால்மணி நேரம் ஆகும். தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாட்ஹெட்டில் எஞ்சினின் முகப்பில், செவர்லே சின்ன வி8-ல் பின்பக்கத்தில், எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தீச்சுவரை ஒட்டி. கம்பி புறப்படும் இடம் மாறினால் எல்லாம் மாறும். பிளக் பிளாட்ஹெட்டின் தலைமேல் தெரியும்படி நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பொடித் துளை போட வேண்டும்.

கார்பரேட்டர் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்பேன், ஆள் காசில்லாதவன் அல்லவா. ஸ்ட்ராம்பெர்க் 97 என்பது அந்தக் காலத்துப் பையன்களின் கார்பரேட்டர். அதன் மேல் நிற்கும் காற்றுக்குழாய்க்கு முடிந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் துண்டு அளவாக இருக்கும். பெட்ரோல் குழாய்க்கும் அதே செப்புக்கம்பி.

பெயிண்டுக்கு வருவோம். ஏர்பிரஷ் இல்லை என்று வருத்தப்பட வேண்டாம், ஸ்பிரே கேனில் அருமையாகச் செய்தவர்கள் உண்டு. கெடுப்பது கருவி இல்லை, அவசரமும் காலநிலையும்தான். தர்மபுரியில் ஏப்ரல், மே வெயிலில் நண்பகலில் அடித்தால் துளிகள் வண்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகும். ஆடிக்காற்றில் அடித்தால் பக்கத்து வயல் புழுதி மொத்தமும் உங்கள் கூரையில். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லாக்கர் என்கிற சீக்கிரம் காயும் பெயிண்டை அடித்தால் வெள்ளை பூத்துவிடும். ஓசூரில் எங்களுக்கு மார்கழி முழுவதும் காலை எட்டு மணி வரை இதே கதை. காற்று எழும்பாத காலைப் பொழுது, முந்தைய நாள் மழை இல்லை, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கியாயிற்று என்றால் அடிக்கலாம். அடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

பிரைமர் இல்லாமல் நிறம் அடிக்காதீர்கள். டிங்கரிங் பட்டறைகளில் கிடைக்கும் கார் பெயிண்டும் தின்னரும் நம் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். என் இரண்டாவது பெட்டி அதற்குப் பலி. தெரிந்த பட்டறையில் மிச்சம் இருந்த சிவப்பை ஆசையாக வாங்கிவந்து, நேராகப் பிளாஸ்டிக்கின் மேல் அடித்தேன். கால்மணி நேரத்தில் கதவு மேலெல்லாம் வெடித்த ஏரி. பிரைமரை மூன்று நான்கு தடவை மெல்லிய பனி போல அடித்து, முழுதாகக் காயவிட்டு, அதன் மேல்தான் அந்த மாதிரிக் காரமான பெயிண்ட். இன்னொரு விதி: லாக்கர் மேல் எனாமல் (மெதுவாகக் காயும் பெயிண்ட்) அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். கேனில் எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் ரெண்டும் ஒன்றுதான் என்பார்.

மெட்டாலிக் நிறம் ஆசையாக இருந்தால் யோசியுங்கள். நிஜக் காரின் மின்னல் துகளை 25 மடங்கு பெருக்கிப் பாருங்கள், வண்டி மேல் கூழாங்கல் பதித்த மாதிரி ஆகிவிடும். 1948 பையனுக்குக் கறுப்பு, அடர் சிவப்பு, அல்லது வெறும் பிரைமர். வெறும் பிரைமரில் ஒரு ஹைபாய் நிற்கும் அழகே தனி, ஆனால் அதில் ஒரு கீறலையும் மறைக்க முடியாது.

பளபளப்பு வேண்டுமென்றால் நிறம் அடித்து ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு 1500, 2000 வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் காம்பவுண்ட். கிரானைட் பட்டறையில் என்ன செய்கிறார்கள்? சொரசொரப்பான கல்லில் தொடங்கி நம்பர் ஏற ஏற முகம் தெரிகிறது. ஒரு நம்பரைத் தாண்டினால் கடைசியில் கீறல் காட்டிக்கொடுக்கும். இங்கேயும் அதே. விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள், பெயிண்ட் அங்கேதான் மெல்லியது. கார் பட்டறைகளில் அடிக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. அதிலிருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், கைக்குட்டை கட்டினால் நிற்காது.

குரோம் பாகங்களைப் பற்றி. கிட்டில் வரும் குரோம் கண்ணைப் பறிக்கும், பார்ட்டிங் லைனையும் சேர்த்தே காட்டும். அதை உரித்துவிடலாம். துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் ஒரு ராத்திரி போட்டால் குரோம் கரைந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட் எதையும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். உரித்த பிறகு அந்த லைனைத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன் மேல் குரோம் பேனா. ஆனால் காசில்லாதவன் வண்டியில் குரோம் எத்தனை இருக்கும்? ரேடியேட்டர் கூட்டை வண்டி நிறத்திலேயே அடித்துவிட்டு, விளக்கு வளையத்துக்கு மட்டும் குரோம் போதும். கூரை தாழ்ந்த 32-ல் இப்படிச் செய்தால் மூக்கு இன்னும் இறங்கின மாதிரி தெரியும்.

உள்ளே சீட்டுக்கு மங்கலான பழுப்பு, டாஷ்போர்டில் இரண்டு மீட்டர், தரைக்குக் கறுப்பு வெல்வெட் தாள். தாழ்ந்த கூரைக்குள் இதற்கு மேல் எதுவும் தெரியாது, அங்கே நேரத்தைக் கொட்டாதீர்கள். அடித்தளம் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எதுவும் இல்லை. வற்றிய ஏரியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சலித்து, ஃபெவிகாலில் குழைத்துப் பலகையில் பூசினால், காயும்போது தானே வெடிக்கும். எல் மிராஜ் தயார்.

செலவில் பெரிய பகுதி உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது, அது கிட்தான். இனி வாங்க வேண்டியது ரேசர் சா, திரவப் பசை, பிரைமர், நிறம், ஐந்து நம்பர் வாட்டர் பேப்பர், கட்டர், மாஸ்கிங் டேப், பாலிஷ் காம்பவுண்ட், குரோம் பேனா. மற்றதில் பெரும்பகுதி காயில் கடை, கிரானைட் பட்டறை, உங்கள் வீட்டுக் குப்பைக்கூடை.

கூரையில் டேப் பட்டை ஒட்டி முடித்ததும், வெட்டும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் தம்பி. முக்கியமாகப் பின் ஜன்னல் பக்கம். அங்கே இடது, வலது டேப் உயரம் கால் மி.மீ. மாறியிருந்தாலும் கூரை ஒருபக்கமாகத் தலையாட்டும், வெட்டிய பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.